சங்கிலிப் பெட்டிக்குள் ஒரு கை

இங்கிலாந்தின் தென்கரை, ஹாம்பிள் ஆற்றோரம். மார்ச் மாதக் குளிர். 1974-இல் கட்டிய எங்கள் 26 அடி பாய்மரப் படகு கரையில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. முன்மூக்கில் கயிறு கட்டும் கிளீட்டை மாற்ற வேண்டும். நான்கே போல்ட்.

மேலே அரைமணி நேர வேலை. கீழே போகத்தான் வழியில்லை. அந்த இடத்துக்கு நேர் அடியில் நங்கூரச் சங்கிலி கிடக்கும் பெட்டி. அதன் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். தோள்வரை கையை விட்டால் விரல்நுனி கடைசி நட்டைத் தொடுகிறது. தொட்டு என்ன செய்ய, பிடிக்க வேண்டுமே.

*

ஸ்பானரை ஒரு மரச்சட்டத்தின் நுனியில் டேப் சுற்றிக் கட்டி உள்ளே நீட்டினேன். மேல்தளத்தில் மகள், ஸ்க்ரூடிரைவரோடு.

"அப்பா, சும்மா சுத்துது."

"இரும்மா, இன்னும் மாட்டல."

கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் வெள்ளைச் சுவர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மாட்டவில்லை. கண்ணை மூடினேன். நட்டின் ஒரு முகம், அதன் முனை, அடுத்த முகம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பிறகு மாட்டியது.

கழன்று வந்த போல்ட்டின் தலையும் பளபளப்பு, அடியும் பளபளப்பு. நடுவில் மட்டும் இடுப்பு சிறுத்துப் பழுப்பேறியிருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரைதான் ஸ்டெயின்லெஸ். ஈரத்தில், காற்றில்லாமல் அடைபட்டால் அதையும் அரிப்பு தின்னும். இந்த ஒல்லி இடுப்பை நம்பி எத்தனை இரவு நங்கூரம் போட்டுத் தூங்கியிருக்கிறோம்! போல்ட்டை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

*

மேல்தளம் ஒரே கட்டியான ஃபைபர்கிளாஸ் அல்ல. இரண்டு மெல்லிய தோல்கள், நடுவே பால்சா மரம். எடை குறையும், விறைப்பு கூடும். ஆனால் துளை வழியாகத் தண்ணீர் நுழைந்துவிட்டால் மரம் ஊறிக் கூழாகிவிடும். 8 மில்லிமீட்டர் துளையை 16 ஆக்கினேன். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டித் தோல்களுக்கு நடுவே சுற்றவிட்டேன். காப்பிச்சக்கை போல ஒன்று வந்தது. புளித்த வாடை. நல்ல மரத்தின் வெளிர் நிறம் தெரியும்வரை குடைந்து, ஒரு வாரம் காயவிட்டு, எப்பாக்ஸியைக் கெட்டியாகக் குழைத்து நிரப்பினேன். குளிரில் எப்பாக்ஸி இறுகாது. மேலே ஒரு தார்ப்பாய்க் கூடாரம், உள்ளே சின்ன ஹீட்டர், இரவெல்லாம். இறுகியதும் அதன் நடுவே புதுத் துளை. இனி போல்ட்டைச் சுற்றி மரமே கிடையாது.

பக்கத்தில் இரட்டை உடல் கொண்ட பெரிய படகு ஒன்று நிற்கிறது. இங்கே அதைக் 'கேட்டமரன்' என்பார்கள். சொல் நம் கட்டுமரம்தான். அந்தப் பெயருக்கு உரிய படகில் மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். துளையிட்டுக் கெடுக்க அங்கே மேல்தளமே இல்லை. இந்த வேலையின்போது அது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

*

புதுக் கிளீட்டுக்கு அடியில் நட் வேண்டாம் என்று முடிவு செய்தேன். 12 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகட்டில் 6.8 மில்லிமீட்டரில் நான்கு துளை போட்டு, அதிலேயே மரை வெட்டினேன். தகட்டை மேல்தளத்தின் அடியில் ஒட்டிவிட்டால் மேலிருந்தே போல்ட்டை முறுக்கலாம், மேலிருந்தே கழற்றலாம். இனி யாரும் கையை உள்ளே விட வேண்டியதில்லை. பழைய நட்டுகளை மாட்டியவர் யாரென்று தெரியாது. அவர் கையும் இங்கே சிராய்த்திருக்கும். அடுத்து வருபவர் கை சிராய்க்கக் கூடாது. ஒட்டுவதற்கு முன் தகட்டின் அடிப்பக்கத்தில், 'எம் 8, மேலிருந்தே கழற்றலாம்' என்று மகள் ஆங்கிலத்தில் எழுத்தச்சுகளைத் தட்டிப் பதித்தாள்.

தகட்டை உள்ளே தூக்கிப் பிடிக்க ஆள் புக முடியாது. துளைகள் வழியாக இரண்டு தூண்டில் கயிறுகளைக் கீழே விட்டோம். பெட்டிக்குள் தகட்டில் கட்டினேன், மேல்முகத்தில் எப்பாக்ஸி பூசினேன். அவள் கிணற்று வாளியை இழுப்பதுபோல மெல்ல இழுத்தாள். என் விரல்களிலிருந்து தகடு விலகி மேலே போனது. 'தட்' என்று ஒரு சத்தம்.

"வந்துடுச்சுப்பா."

எப்பாக்ஸி பிடித்துக்கொள்ளாதபடி மெழுகு தேய்த்த போல்ட்டுகளைப் போட்டு, இறுகும்வரை விட்டோம்.

*

துளைகளின் விளிம்பைச் சற்றுச் சரித்து, தண்ணீர் நுழையாமலிருக்க போல்ட்டின் கழுத்தில் பியூட்டைல் டேப்பைச் சுற்றி முறுக்கினேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மரையில் அதற்கான பசையும் தடவினேன். பியூட்டைலை ஒரே நாளில் இறுக்கக் கூடாது. இன்று கொஞ்சம், இரண்டு நாள் கழித்துக் கால் சுற்று, அடுத்த வாரம் இன்னொரு கால் சுற்று. ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறத்தில் ஒரு நாடா பிதுங்கி வரும். மகள் அதைக் கிள்ளி எடுத்து உருண்டையாக உருட்டி வைத்தாள்.

ஏப்ரலில் படகு நீரில் இறங்கியது. முதல் மழைக்கு மறுநாள் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் தகட்டைத் தடவினேன். விரலில் ஈரமில்லை. அவள் பதித்த எழுத்துகள் தட்டுப்பட்டன.