கூப்பிட ஒரு வாய்

ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வருகை எடுக்கிறார்கள். பொறுப்பாளராக இருக்கும் பெண் கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிக்கிறாள். ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. மறுபடி வாசிக்கிறாள். மூன்றாவது தடவை குரலை உயர்த்துகிறாள். வேப்பமரத்தடியில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த கிழவியைப் பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்து, "ஆயா, உன்னத்தான்" என்கிறாள். கிழவி நிமிர்ந்து பார்த்து, "அட, எம்பேரா?" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

போன கோடையில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்தது இது. அவளுக்குக் காது மந்தம் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவள் தணிந்த குரலில் சொன்ன "ஆயா" உடனே கேட்டதே! சத்தமாக மூன்று தடவை வாசித்த பெயர்தான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பெயர்களைக் கேட்டாலே சுற்றுவட்டாரம் தெரிந்துவிடும். ஏழுமலை என்று ஒருவர் இருந்தால், அவரைப் பெற்றவர்கள் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஏகாம்பரம், காமாட்சி, வரதராஜன், பெருந்தேவி எல்லாம் காஞ்சிபுரம். வேதாசலம், வேதகிரி என்றால் திருக்கழுக்குன்றத்து மலை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்துக் கூத்து விடுகிற ஊர்களில் தருமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் ஒரே வீட்டுக்குள்ளேயே கிடைப்பார்கள். படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் அத்தனை பெரிதாகச் செய்து படுக்கவைக்கிற ஊர்தான். ஆனாலும் அந்தப் பெயரை ஒரு பிள்ளைக்கு வைத்து நான் கேட்டதில்லை. கர்ணனுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு.

உத்திரமேரூருக்குள் வந்தால் சுந்தரவரதர். மூன்று தளங்களில் ஒன்பது திருமேனிகளாக இருக்கிற பெருமாள். என் வகுப்பில் அவர் பெயரோடு மூன்று பேர் இருந்தோம். வாத்தியார் முன்னெழுத்தைச் சேர்த்து எங்களைப் பிரித்துப் பார்த்தார். பையன்கள் 'குண்டு', 'ஒல்லி', 'கடைக்காரர் புள்ள' என்று சுலபமாகப் பிரித்துவிட்டார்கள். ஒல்லி நான். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கக் கூடாதா என்று வீட்டில் ஒருநாள் அழுததற்கு அப்பா, "அந்தப் பேர நீ கேட்டு வைக்கல. நான் அவருகிட்ட கேட்டு உன்ன வாங்கினேன்" என்றார். எட்டு வயதில் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாமி பெயர்களிலாவது கணக்கு நேரானது. எங்கள் ஆயாக்களின் தலைமுறையில் வேறொரு வகைப் பெயர் இருந்தது: குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி. முதல் இரண்டு பிள்ளைகள் தங்காத வீட்டில் மூன்றாவது பிறந்தால் அதை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள். சில வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, கண்டெடுத்தவள் மாதிரி அதைத் தூக்கிக்கொள்வாள். பெற்றவள் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொள்வாள். எல்லாம் எமனை ஏமாற்றத்தான். 'இது யாரும் ஆசைப்படுகிற பொருள் இல்லையப்பா, குப்பையில் கிடந்தது' என்று அவனுக்குக் காட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுப்பாள். ஊரிலேயே மட்டமாக ஒலிக்கிற பெயர், ஊரிலேயே அதிகம் வேண்டப்பட்ட பிள்ளையுடையது. அந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேலியில் குறுகிப்போன எத்தனை குப்புசாமிகளுக்கு இது தெரிந்திருக்கும்?

நாகரிகம் வந்து அந்தப் பெயர்களெல்லாம் போய்விட்டன என்று சொல்கிறார்கள். எனக்கென்னவோ கிராமச் செவிலியருக்கும் தடுப்பூசிக்கும்தான் அதில் பெரிய பங்கு என்று தோன்றுகிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 13. எமனை ஏமாற்ற வேண்டிய அவசரம் தணிந்த பிறகு வந்தவர்கள்தாம் நம் யஷ்வந்த்களும் ரித்திகாக்களும். அந்தப் பெயர்களைப் பார்த்து முகம் சுளிக்கிற தமிழாசிரியர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனாலும் பிள்ளை தங்குமா என்ற பயம் இல்லாமல், எது அழகு என்று மட்டும் யோசித்துப் பெயர் வைக்கிற முதல் தலைமுறை அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர் வைத்த வாய் இன்னொன்றும் செய்திருக்கிறது. திருத்தணிக்குப் பக்கத்தில் நாராயணபுரம் என்ற ஊரில், பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. அந்தப் பெயரோடு பொறியியல் படித்து வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை பெற்ற ஒரு மாணவியை 2019-இல் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் பெண் குழந்தைகளுக்கான பிரசாரத்துக்குத் தூதராக்கியது. மராட்டியத்து சதாராவில் இதே பொருளில் 'நகுஷி' என்று பெயர் சூட்டப்பட்டிருந்த 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் ஒரே விழாவில் புதுப்பெயர் வைத்தார்கள். குப்பை என்று பெயர் வைத்தவள் எமனிடம் பொய் சொன்னாள். வேண்டாம் என்று வைத்தவர்கள் பிள்ளையிடமே மெய்யைச் சொல்லிவிட்டார்கள்.

பேரன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரன்தான் பேரன், பெயர்த்திதான் பேத்தி. தாத்தா பெயரைத் தாங்கியவன் என்பதைத் தவிர அந்த உறவுக்கு நம் மொழி வேறு பெயர் தேடவில்லை. இதில் வீட்டுக்கு வீடு ஒரு சிக்கல் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டால் அவள் எப்படி அவனைக் கூப்பிடுவாள், எப்படித் திட்டுவாள்? அதனால்தான் 'ராஜா', 'தம்பி', 'சின்னவனே' என்று கூப்பிடுகிற பெயர் ஒன்று தனியாக முளைத்தது. பள்ளியில் சேர்க்கிற அன்றுதான் பலருக்குத் தங்கள் உண்மைப் பெயரே தெரியவந்தது. புருஷன் பெயருக்கும் அதே கட்டுப்பாடு. கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், "திருப்பதியில நிக்குறாரே, அவரு பேருதான்" என்பாள். இல்லாவிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டு, "உங்கப்பா பேரச் சொல்லுடா" என்பாள். ஒரு பெயரை மரியாதைக்காகச் சொல்லாமலே காப்பாற்றிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயரை யாரும் மரியாதைக்காகச் சொல்லாமல் விடவில்லை. கூப்பிடத் தேவைப்படாமல் விட்டுவிட்டார்கள்.

பெயரைத் திருத்தியவர்களும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. உத்திரமேரூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்த ஊர். வடக்கே போகிற நம் பிள்ளைகளிடம் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்கும்போது அவர்கள் அப்பா பெயரை எழுதிவிட்டு விழிக்கிறார்களே, அந்த விழிப்புக்குப் பின்னால் இந்த மாநாடும் நிற்கிறது. நான் அதைப் பெருமையாகவே நினைக்கிறேன். பட்டம் பெயரைவிட்டுப் போனாலும் தெருவைவிட்டுப் போக மறுத்தது என்பதும் உண்மை. தலித் குடியிருப்புகளுக்கு ஒட்டவைத்த 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப்போவதாக அரசு அறிவிப்பதற்கு 2025 வரை ஆகியிருக்கிறது. அறுபது வயதுக்காரரை நிலத்துக்காரர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி, அதுவும் பாதிப் பெயர் சொல்லி, 'டேய்' சேர்த்துக் கூப்பிட்ட காலத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே பெயர்தான். யார் வாயில் இருந்தது என்பதைப் பொறுத்து அது பெயராகவும் இருந்தது, அடியாகவும் இருந்தது.

மறைமலை அடிகள் கதை இதில் எனக்கு மிகப் பிடித்தது. 1876-இல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். திருக்கழுக்குன்றத்து ஈசனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை என்று வேதாசலம் என்று பெயரிட்டிருந்தார்கள். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது வடமொழிப் பெயரை விட்டார். வேதம் மறை, அசலம் மலை: மறைமலை. மொழியை மாற்றினார், அம்மா அப்பாவின் வேண்டுதலை ஒரு எழுத்தும் கைவிடவில்லை. தாய்தந்தை வைத்த பெயர் பிடிக்காதவர்களுக்கு இதைவிட நயமான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது கணினி மையங்களில் வேறு வகை மாற்றம் நடக்கிறது. ஆதாரில் ஒரு 'ம்' குறைந்து, குடும்ப அட்டையில் ஒரு 'ள்' கூடி, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி இருந்தால் முதியோர் உதவித்தொகை நின்றுபோகும். குப்பையில் புரட்டி எமனிடமிருந்து மீட்ட பெயரை, விசைப்பலகையில் தவறிய ஒரு விரலிடமிருந்து மீட்க ஒரு கிழவி தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை நடக்க வேண்டும். எழுத்து பெயரை ஆள்கிற காலம் இது என்று தோன்றும்.

அப்படித் தோன்றும்போதெல்லாம் நான் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கிற இடம். மக்களாட்சி, தேர்தல் என்று எல்லாரும் அதைக் கொண்டாடுகிறார்கள். நான் அதில் படிப்பது பெயரை. ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டுக்கட்டாகக் குடத்தில் போடுவார்கள். எதுவும் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிய மத்தியஸ்தனே வாசிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. மண்டபத்துக்குள் இருக்கிற நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.

கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது. ஏரியைத் தூர்வாரியவர்கள் பெயர் போகவில்லை, பெண்கள் பெயர் போகவில்லை. எல்லாரையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அந்தச் சிறுவனுக்குக்கூடச் சுவரில் பெயரில்லை. ஆனால் இந்த ஆயிரத்து நூறு வருட ஏற்பாட்டுக்குள் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. எழுதிவிட்டால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. குடத்துக்குள் கிடக்கிறவரை அது ஓலைதான். ஒரு வாய் அதை எடுத்துச் சொல்லி, இன்னும் நாலு வாய் சொன்ன பிறகே அது ஆளாகிறது. தொட்டில் போடுகிற அன்று குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்கிறோமே, அதுவும் வாயால்தான். பெயரை நமக்குச் சொந்தம் என்கிறோம். நாமே அதைச் சொல்லிக்கொள்வது ஒரு நாளைக்கு எத்தனை தடவை? நம் பெயர் இருப்பதெல்லாம் பிறர் வாயில்தான். அந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடும்போது நாம் உயிரோடு இருக்கையிலேயே அது குடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அன்று வேலை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அந்தக் கிழவியிடம் போய் உட்கார்ந்தேன். "உன் பேரச் சொல்லிக் கடைசியா உன்னக் கூப்பிட்டது யாரு ஆயா?" என்று கேட்டேன்.

"எழுதப் போறியா? எம்பேரப் போட்றாத தம்பி" என்றாள். போடவில்லை. குப்பைமேட்டு வகைப் பெயர்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விரல்விட்டு எண்ணினாள். மாமியார் 'ஏ பொண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் 'இந்தா' என்பார். மகன் பிறந்த பிறகு ஊருக்கு அவன் அம்மா. பேரப்பிள்ளைகள் வந்த பிறகு எல்லாருக்கும் ஆயா. "எங்கண்ணன் பேர் சொல்லித்தான் கூப்புடும். பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கினு வரும், வாசல்லயே நின்னு கூப்புடும். ரெண்டு வருசமாவுது, அதுவும் போயிடுச்சி." வெற்றிலைச் சாற்றை ஒதுக்கித் துப்பினாள். "இப்ப இந்தக் கணக்கு எடுக்குற பொண்ணுதான் தெனமும் கூப்புடுது."

சிறிது நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நடுவில் குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது.

"எங்கம்மா எப்டி கூப்புடும் தெரியுமா?" என்றாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தன் பெயரையே, கடைசி எழுத்தை நீளமாக இழுத்து, அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

ஏரிக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் மண் சுமக்கிற பாண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்தாள்.