வேண்டாததை ஈவது ஈகையா?

நமக்கு வேண்டாததைப் பிறருக்குக் கொடுப்பது ஈகையாகுமா? பெட்டியில் மடித்துக் கிடக்கும் பழைய சேலை ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு விடை தேடினால், நம் அறம் எத்தகையது என்பது விளங்கிவிடும்.

திருவில்லிபுத்தூரை அடுத்துள்ள திருவண்ணாமலை, குன்றின்மேல் பெருமாள் கோயில் கொண்ட சிற்றூர். அதைச் சூழ்ந்த வட்டாரமோ பஞ்சோடும் நூலோடும் வாழ்வது. இராஜபாளையம் மில்ஸ் 1936-இல் நிறுவப்பட்டது. பின்னர் அங்கு நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி, காயம்பட்டோர்க்கு மருந்தோடு மருந்தாகிறது. ஒரு முழத் துணிக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைத்துள்ளன என்பதை அறிந்த மண் இது.

ஆயினும் தமிழகத்தின் எவ்வூரிலும் நடப்பது என்ன? பழந்துணி வாங்க வரும் தெரு வணிகரிடம் சரிகைச் சேலையைப் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பெற்றுக்கொள்கிறோம். அத்தகைய சேலைகளே நகரத்துக் கடைகளில் கைப்பையாகவும் தோடாகவும் கூந்தல் பட்டையாகவும் உருமாறி, உயர்ந்த விலையில் நம்மிடம் திரும்பி வருகின்றன. எறிந்ததையே விரும்பி வாங்குகிறோம். இடையில் அத்துணிக்கு நேர்ந்தது யாது? ஒருவர் அதை உற்று நோக்கினார். கிழிந்த பகுதியை நீக்கினார். நல்ல பகுதியைத் தேர்ந்து தைத்தார். அவ்வளவே.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையை முதலில் பாட்டியின் பழஞ்சேலையில் பொதிவர். தூளியும் அதிலேயே கட்டுவர். அதை இழிவென எவரும் கருதுவதில்லை. பல முறை துவைத்து மென்மையான துணி, பிஞ்சு உடலை உறுத்தாது என்னும் கரிசனம் அதில் உண்டு; மூத்தோர் ஆசியும் உண்டு. அதே சேலையைக் கொல்லைப்புறத்தில் நின்று வேலைக்காரப் பெண்ணிடம் நீட்டும்போது அவள் முகம் ஏன் வாடுகிறது? துணி ஒன்றே, கொடுக்கும் மனம் வேறு.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சிதைத்தது. அதன் பின்னர், ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திவந்த 'உபாசனா' ஆடையகம், தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு சிறு பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்பித்தது. 'சுனாமிகா' எனப் பெயர் பெற்ற அப்பொம்மை விலைக்கு விற்கப்படவில்லை; அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. மனமுவந்தோர் அளித்த நன்கொடையிலிருந்து பெண்கள் உழைப்புக்கு ஊதியம் பெற்றனர். கழிவெனத் தள்ளப்பட்ட துணியும், துயரில் தள்ளப்பட்ட கைகளும் அங்கே ஒருசேர மாண்பு பெற்றன.

யாப்பா நகரில் தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதனர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஓர் அடியாரின் வாழ்வுக்குச் சான்றாக அவர்கள் காட்டியது தையலை! தம் நேரத்தையும் கண்ணொளியையும் கலந்து கொடுத்ததால் அந்த ஆடைகள் ஈகையாயின.

அவ்வாறாயின் பழந்துணியில் அழகுப் பொருள் செய்து விற்பது தவறா? அன்று; அழகும் வணிகமும் பாவமல்ல. ஆனால் தைத்த கைக்கு உரிய கூலி சேராவிடில் அந்த அழகு பொய்யாகும். 'பழையதில் செய்தது' என்னும் பெருமிதத்தில் பையின்மேல் பை வாங்கிக் குவிப்பதும் நுகர்வு வெறியின் மற்றொரு முகமே. ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாக மதிப்பிடுகின்றனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பொருள்களை எறியும் பண்பாடு மனிதரையும் ஒதுக்கித் தள்ளுவதோடு பிணைந்துள்ளதைச் சுட்டிக்காட்டினார்.

எனவே வேண்டாததைக் கொடுப்பதில் குற்றமில்லை. அதை மட்டும் கொடுப்பதிலேதான் குறை. அடுத்த முறை ஆடை கொடுக்குமுன் அதைத் துவைப்போம். அறுந்த பொத்தானைத் தைப்போம். விரிந்த தையலைச் சேர்ப்போம். பெறுபவரின் பெயரைக் கேட்டு, முகம் நோக்கி, இரு கைகளாலும் கொடுப்போம். கால்மணி நேர உழைப்பு அது. வேண்டாத பொருள் ஈகையாவதற்கு அந்தக் கால்மணி நேரம் தேவைப்படுகிறது.