திறவாத சிப்பி

ஆங்கிலேயர் காலத்துத் தூத்துக்குடி முத்துக்குளிப்பில், கரைசேர்ந்த சிப்பிகளைத் திறவாமலே மூன்று குவியல்களாகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்க்கு. அந்த அளவு நியாயமானதா என்பது வேறு வழக்கு. ஆனால் எக்குவியலில் முத்துண்டெனப் பிரித்தவரும் அறியார், பெற்றவரும் அறியார்.

சொத்தைப் பிரிக்கும் தகப்பனாருக்கு அந்த அறியாமை இல்லை.

வஸிய்யத்துக்கு மூன்றில் ஒன்றே எல்லை. அதையும் வாரிசு ஒருவருக்கு எழுதினால், ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. வாழ்நாளில் தரும் ஹிபாவுக்கோ வரம்பில்லை; சொல்லி, ஏற்று, கைவசம் ஒப்படைத்தால் முடிந்தது. மரண நோயில் கொடுத்தால் மட்டும் ஷரீஅத்து அதையும் மூன்றிலொன்றுக்குள் நிறுத்துகிறது. 1953 முதல் 1985 வரை நடப்பிலிருந்த எஸ்டேட் வரிச் சட்டமும், இறப்புக்கு முந்தைய இரண்டாண்டுக் கொடைகளைப் பொதுவாக இறந்தவரின் சொத்தாகவே கணக்கிட்டது. வரி அதிகாரிக்கு எழுந்த அந்த ஐயம், கொடுக்கும் நமக்கு நம்மீது எழ வேண்டாமா?

காயல்பட்டினத்தில் மணமாகும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. மிக நல்ல வழக்கம். அவள் எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஆயின் அதையே காரணங்காட்டி, கடை முழுவதையும் ஆண்மக்கள் பெயருக்கு மாற்றிவிடும் தகப்பனார்களும் உளர். வீடு ஆண்டுதோறும் சுண்ணாம்பு கேட்கும். கடை ஆண்டுதோறும் முத்து ஈனும். சட்டம் இதைத் தடுக்காது. ஒரு மகனுக்கு மட்டும் கொடை தந்து சாட்சியம் வேண்டிய தந்தைக்கு, நபிகள் நாயகம் (ஸல்) சாட்சி நிற்க மறுத்ததை நாம் அறிவோம்.

“இருபதாண்டு கடையில் உழைத்த மகனும் உழைக்காத மகளும் ஒன்றா?” என்பீர்கள். ஒன்றல்ல. அவ்வுழைப்புக்குரிய கூலியையோ, கூட்டுவணிகப் பத்திரத்தில் எழுதிய பங்கையோ தந்தை வாழும்போதே கொடுக்கட்டும். அது கொடையன்று, கடன். எஞ்சியது வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. அந்தப் பத்திரத்தைப் பெண்மக்களும் படித்துப் பார்க்கட்டும்.