எந்திரத்தின் திறனை அறியும் அளவை எது?

ஒரு பொருளுக்கு இன்ன திறன் உண்டு என்று சொல்லும்போது, அந்தத் திறன் அப்பொருளுக்குள்ளேயே உறையும் ஒன்றா, பல காரணங்கள் கூடும்போது மட்டும் தோன்றும் விளைவா என்பது இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்ட கேள்வியாகும். நெருப்பு சுடும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் சில மணிகளோ மந்திரங்களோ அருகில் இருந்தால் நெருப்பு இருந்தும் சுடுவதில்லை என்று அக்காலத்தார் கொண்டிருந்ததால், நெருப்பின் வேறாகச் ‘சக்தி’ என்றொரு பொருள் உண்டென்றும், தடை வரும்போது அந்தச் சக்தியே செயலற்றுப் போகிறதென்றும் பிரபாகரர் வழிவந்த மீமாம்சகர் வாதிட்டனர். நியாய மரபினராகிய நையாயிகர் இதை ஏற்கவில்லை. தடை இல்லாமையும் காரணங்களுள் ஒன்றே என்றும், விளைவைத் தருவது காரணங்களின் முழுத்தொகுதியாகிய ‘சாமக்கிரி’யே என்றும், அதற்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத சக்தி ஒன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை என்றும் அவர்கள் விடையளித்தனர், உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியில் இந்த வாதத்தை விரிவாக நிறுவினார். வீட்டு நிலவறையில் ஓடும் பெரிய கொள்ளளவுள்ள ஈரப்பதம் நீக்கி ஒன்றின் செயல்திறனை மதிப்பிட முற்படுபவர் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே. அதை முறையாக ஆராய்வதற்கு அந்தப் பழைய விவாதம் இன்றும் போதிய கருவிகளைத் தருகிறது.

எந்திரத்தின் வேலைமுறை எளிது. விசிறி அறைக்காற்றை உள்ளிழுத்துக் குளிர்சுருளின் மேல் செலுத்துகிறது. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். சுருள் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருப்பதால் நீர் அதன்மேல் படிந்து, சொட்டி, அடியிலுள்ள வாளியில் சேர்கிறது. ஈரம் குறைந்த காற்று பின்னாலுள்ள சூடான சுருளைக் கடந்து மீண்டும் அறைக்குள் வருகிறது. ஒரு நாளில் எவ்வளவு நீரைப் பிரிக்கிறது என்பதே அதன் கொள்ளளவாக அட்டைப்பெட்டியில் அச்சிடப்படுகிறது. அமெரிக்காவில் இந்த அளவு பைண்ட் கணக்கில் சொல்லப்படும். அந்நாட்டுப் பைண்ட் ஒன்று ஏறத்தாழ 473 மில்லிலிட்டர் ஆகும்.

அந்த நாட்டிலேயே நடந்த ஒரு மாற்றம் சக்தி, சாமக்கிரி ஆகிய இரு கொள்கைகளையும் உரைத்துப் பார்க்க வாய்ப்பளித்தது. 2019 ஜூன் 13 வரை, இடம்விட்டு இடம் நகர்த்தக்கூடிய ஈரப்பதம் நீக்கிகளின் கொள்ளளவு 26.7 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உள்ள சோதனை அறையில் அளக்கப்பட்டது. அன்று நடைமுறைக்கு வந்த எரிசக்தித் துறையின் விதிகள், ஈரப்பதத்தை 60 சதவீதமாகவே வைத்துக்கொண்டு, வெப்பநிலையை மட்டும் 18.3 டிகிரியாகக் குறைத்தன. இந்த எந்திரங்கள் பெரும்பாலும் ஓடுகின்ற குளிர்ந்த நிலவறைகளுக்கு அதுவே நெருக்கமானது என்பது காரணம். அதன் விளைவாக, அதுவரை நாளொன்றுக்கு 70 பைண்ட், அதாவது ஏறத்தாழ 33 லிட்டர் என்று விற்கப்பட்ட எந்திர வகை, 50 பைண்ட், அதாவது ஏறத்தாழ 24 லிட்டர் என்று விற்கப்படலாயிற்று. கம்ப்ரசரோ சுருளோ விசிறியோ வலுவிழக்கவில்லை. எதிரே வைக்கப்பட்ட காற்று மட்டுமே மாறியது.

திறன் எந்திரத்திற்குள் உறையும் தனிப்பொருளாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டிற்கு விளக்கம் இராது. காற்றையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தால் விளக்கம் தானே அமைகிறது. ஒப்பு ஈரப்பதம் என்பது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது உள்ளது என்ற விகிதம். கொள்ளக்கூடிய அளவோ வெப்பத்தோடு ஏறுவது. 26.7 டிகிரியில் 60 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீர் உண்டு, 18.3 டிகிரியில் அதே 60 சதவீதம் என்றால் சுமார் 9 கிராமே உண்டு. முதற்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 18 டிகிரி. இரண்டாவதன் பனிநிலை 10 டிகிரியை ஒட்டியது. ஆகவே குளிர்ந்த அறையில் சுருள் மேலும் ஆழமாகக் குளிர வேண்டும், எடுப்பதற்கான நீரும் குறைவு. இன்னும் குளிர்ந்தால் சுருளின் மேல் உறைபனி படிந்து காற்றோட்டத்தை மறிக்கும். எந்திரம் இடையிடையே நின்று பனியை உருக்க நேரும். நையாயிகர் தடையின்மையைக் காரணமாக எண்ணியது எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு அந்த உறைபனியே சான்று.

இதிலிருந்து எல்லா எண்களும் சமமே, எதை நம்பினாலும் ஒன்றே என்ற முடிவுக்குச் செல்வது பிழையாகும். ஒவ்வொரு கூற்றும் ஒரு நிலையில் நின்று சொல்லப்படுவது என்று கூறும் சமணரின் சியாத்வாதம், நிலையைச் சேர்த்துச் சொன்னால் கூற்று உறுதிபெறும் என்பதையே கற்பிக்கிறது. கூற்றுகளை மதிப்பற்றவையாக ஆக்குவது அதன் நோக்கமன்று. 70 பைண்டும் மெய், 50 பைண்டும் மெய். ஆயினும் குளிர்ந்த நிலவறைக்காக எந்திரம் தேடுபவருக்கு இரண்டாவது எண்ணே வழிகாட்டும், ஏனெனில் அது அவருடைய காற்றை ஒத்த காற்றில் பெறப்பட்டது.

திறன் எங்கே உள்ளது என்ற கேள்வியை அடுத்து, அதை எதனால் அறிவது என்ற கேள்வி எழுகிறது. அறிவைத் தரும் வழியை அளவை என்பது தமிழ் மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை ஆராய்ந்து, பிறர் ஆறென்றும் பத்தென்றும் விரித்தவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றனுள் அடங்கும் என்று நிறுவுகிறார். காட்சி நேரே புலப்படுவது. கருதல் ஓர் அடையாளத்தைக் கொண்டு புலப்படாததை ஊகிப்பது. உரை நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. எந்திரத்தை மதிப்பிடுபவர் மூன்றையும் பயன்படுத்துகிறார். மூன்றிலும் வழுவ இடமுண்டு.

பெட்டியின் மேலுள்ள எண் உரையளவை. பொருளைத் தானே அறிந்தவராகவும் அறிந்தபடியே சொல்ல விழைபவராகவும் இருப்பவரே ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், என்று வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷியத்தில் வரையறுத்தார். விற்பவருக்குத் தம் பொருளைப் பற்றிய அறிவு உண்டு. ஆனால் எண் பெரிதாகத் தோன்றுவதில் அவருக்கு நலனும் உண்டு. அந்த நலனின் இழுப்பைக் கட்டுப்படுத்தவே, எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில் அளக்க வேண்டும் என்பதை அரசு விதியாக்குகிறது. சோதனை நிலையைச் சொல்லாத கொள்ளளவு எண்ணை உரையளவையாக ஏற்க இயலாது.

எந்திரத்தின் முகப்பில் ஒளிரும் ஈரப்பத எண்ணைக் காட்சி என்று பலர் கொள்வர். அறிவு தன் மெய்ம்மைக்குத் தானே சான்றாகும் என்றனர் மீமாம்சகர். இல்லை, பிறிதொன்றால் சரிபார்த்த பிறகே மெய்ம்மை விளங்கும் என்றனர் நையாயிகர். எந்திரத்தின் உணரி தன் சுருள்களுக்கும் விசிறிக்கும் அருகிலுள்ள காற்றையே அறிகிறது. அறையின் தொலைமூலையில் பழைய நூல்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னாலுள்ள காற்றை அது அறியாது. எனவே தனியான ஈரப்பதமானி ஒன்று வேண்டும். அந்த மானியைச் சரிபார்ப்பது எது என்ற வினா உடனே எழும். அளவைகள் பொருள்களை நிறுவினால் அளவைகளை நிறுவுவது எது என்று நாகார்ச்சுனர் விக்கிரக வியாவர்த்தனியில் எழுப்பிய வினாவும் இதுவே. நியாய சூத்திரம் தராசைச் சான்று காட்டி விடை தருகிறது: பொருளை நிறுக்கும்போது தராசு அளவை, அத்தராசே ஐயத்துக்கு உள்ளாகும்போது அது அளக்கப்படும் பொருளாகும், இரண்டு நிலையும் ஒன்றுக்கே பொருந்தும். ஈரப்பதமானியைச் சோதிக்க, ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, கரைந்து ஓடாமல் ஈர மணல் பதம் வரும்வரை சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் அடைத்து ஓரிரவு வைத்தால், பையினுள் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைபெறும்; மானி 71 என்று காட்டினால் அந்த நிலையில் அது 4 சதவீதப் புள்ளிகள் குறைத்துச் சொல்கிறது என்பது விளங்கிவிடும். நிறைந்த உப்புக்கரைசலின் இயல்பு எந்த விற்பனையாளரையும் சார்ந்ததன்று. சரிபார்ப்புத் தொடர் முடிவின்றிப் போகாமல் ஓரிடத்தில் நிற்பது இவ்வாறே.

கருதலளவையில் நேரும் வழு இன்னும் நுட்பமானது. மணிமேகலையின் தருக்கப் பகுதி, மெய்யான ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றும் காரணங்களை ஏதுப்போலி என்று தொகுத்து, சாதிக்கவேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்று குறிக்கிறது. ‘ஒப்பு ஈரப்பதம் குறைந்தது, ஆகவே எந்திரம் நீரை நீக்கியது’ என்ற ஊகம் அத்தகையது. 18.3 டிகிரியில் 60 சதவீதமாக இருந்த காற்று 22 டிகிரிக்குச் சூடானால், ஒரு துளி நீரும் அகலாமலே ஒப்பு ஈரப்பதம் 48 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். ஈரப்பதம் நீக்கியோ அறையைச் சூடாக்கும் கருவியும் ஆகும்: ஒவ்வொரு லிட்டர் நீர் படியும்போதும் சுமார் 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது, செலவிட்ட மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே அறையில் சேர்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.8 லிட்டர் பிரிக்கும் எந்திரம் அந்த ஒரு யூனிட்டுக்கு 2.2 யூனிட் வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. எனவே சதவீதத்தோடு வெப்பநிலையையும் குறித்து, ஒரு கனமீட்டரில் உள்ள நீரின் எடையைக் கணக்கிட்ட பிறகே அந்த ஊகம் குற்றமற்றதாகும்.

வாளியில் சேர்ந்த நீரை எடைபோடுவது இதனினும் உறுதியான சான்று. ஆனால் அந்த நீர் எதற்குச் சான்று என்பதைக் கவனிக்க வேண்டும். 100 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள நிலவறையில் 240 கனமீட்டர் காற்று உண்டு. 18.3 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் அக்காற்று முழுவதிலும் உள்ள நீர் ஏறத்தாழ 3 லிட்டர். அதை 50 சதவீதமாக்க எடுக்க வேண்டியது ஒரு லிட்டருக்குச் சற்று மேலே. அத்தகைய அறையில் எந்திரம் நாளுக்கு 15 லிட்டர் வீதம் வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தால், அந்த நீர் முதலில் அறைக்காற்றில் இருந்ததாக இருக்க முடியாது. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்ளாமல் வேறு வழியில்லை என்பதை மீமாம்சகர் அருத்தாபத்தி என்றனர். சித்தியார் இதைப் பொருள் என்ற பெயரால் குறித்துக் கருதலுள் அடக்குகிறது. அதே முறையில், கான்கிரீட் சுவரும் தரையும் மண்ணின் ஈரத்தைக் கசியவிடுகின்றன, அல்லது வெளிக்காற்று உள்ளே புகுகிறது என்று கொண்டேயாக வேண்டும். கோடையில் 26.7 டிகிரியும் 60 சதவீதமும் உள்ள வெளிக்காற்று 18.3 டிகிரி நிலவறைக்குள் வந்து அந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நூறு சதவீதத்தை எட்டிவிடும். காற்றோட்டத்திற்காகச் சன்னலைத் திறப்பவர் சுவரை நனைக்கிறார். ஆகவே வாளி நாள்தோறும் நிரம்புவது எந்திரத்தின் வலிமையைக் காட்டுவதைவிட வீட்டின் குறையையே மிகுதியாகக் காட்டுகிறது. கூரைநீர் சுவரோரம் இறங்குவதைத் தடுக்காமல், விரிசலை அடைக்காமல், மேலும் பெரிய எந்திரத்தை நாடுவது காரணத்தை விட்டு விளைவோடு போராடுவதாகும்.

இறுதியாக, அறிவின் மெய்ம்மை அதன்வழி மேற்கொண்ட செயல் பயன் தருவதால் உறுதிப்படும் என்ற நையாயிகர் கொள்கை, மதிப்பீட்டின் முடிவிடத்தைக் காட்டுகிறது. ஈரப்பதம் நீக்கி வாங்குவது நீர் சேகரிக்க அன்று. மரத்திலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்காமல், அவ்வீட்டில் வாழ்பவர் நலமாக மூச்சுவிட வேண்டும் என்பதற்காகவே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டினுள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, இயன்றால் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கப் பரிந்துரைக்கிறது. அந்த எல்லையைக் குறைந்த நீரெடுப்பால் காக்கும் வீடே நல்ல வீடு. செலவும் பயனின் பகுதியே: 2019 விதிகள் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சிறிய எந்திரங்கள் 1.30 லிட்டரும், நாளுக்கு 25 பைண்டுக்கு மேல் 50 பைண்ட் வரை எடுப்பவை 1.60 லிட்டரும், 50 பைண்டுக்கு மேற்பட்டவை 2.80 லிட்டரும் குறைந்தபட்சம் பிரிக்க வேண்டும் என்று வரையறுத்தன. நாளுக்கு 15 லிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில், 1.60 என்ற வீதத்தில் 9 யூனிட்டுக்கு மேலும், 2.80 என்ற வீதத்தில் 5 யூனிட்டுக்குச் சற்று மேலும் செலவாகும். மாதக் கணக்கில் இந்த வேறுபாடு பெரிது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் நையாயிகர் பக்கமே வலுவுடையது என்று துணியலாம். எந்திரத்தின் அமைப்பு, காற்றின் வெப்பமும் ஈரமும், சுவரின் கசிவு, தடையின்மை ஆகிய அனைத்தும் கூடிய தொகுதிக்கே திறன் உரியது. எந்திரத்துக்கு மட்டும் அதை உரிமையாக்குவது பிழை. ஆகவே ஓர் ஈரப்பதம் நீக்கியை நன்றென்றோ தீதென்றோ தீர்ப்புக் கூறுபவர், எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில், எத்தனை மணி நேரத்தில், எத்தனை யூனிட் செலவில், எத்தனை லிட்டர் என்ற ஐந்தையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது அளவையால் பெற்ற அறிவாகாது. அதை நம்பிப் பொருள் வாங்குவதை வாசகர் தவிர்க்க வேண்டும்.