கழற்றுகிறவர் யார்?

மிலிந்தன் என்ற யவன அரசனும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியும் பேசிக்கொண்டது பாலி மொழியில் ஒரு நூலாக இருக்கிறது. அரசன் தேரேறி வந்திருக்கிறான். துறவி கேட்கிறார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா? கடிவாளக் கயிறு தேரா? ஒவ்வொன்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். எல்லாம் சேர்ந்த குவியல் தேரா என்றால் அதுவும் இல்லை. இவற்றை விட்டு வேறாக ஒன்று உண்டா என்றால் அதுவும் இல்லை. அப்படியானால் நீ ஏறி வந்த தேர் எங்கே என்று மடக்குகிறார் நாகசேனர். தேர் என்பது உறுப்புகளை வைத்து நாம் வழங்குகிற பெயர். நாகசேனன் என்பதும் அப்படித்தான், உள்ளே தனியாக ஓர் ஆள் கிடையாது என்பது அவர் முடிவு.

கழற்றுவதும் மாட்டுவதுமாகவே பிழைக்கிறவன் நான். பள்ளிப்பட்டில் நகரி போகிற சாலையில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு மூடிவைக்க என்னால் முடியவில்லை. அதிலும் போன தை மாதம் ஒரு வண்டியும் அதன் சொந்தக்காரரும் வந்த பிறகு சுத்தமாக முடியவில்லை.

வண்டி, சைடு கார் பூட்டிய பழைய புல்லட் 350. சொந்தக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லைக் காவலுக்காக 1950களில் இந்திய ராணுவம் 800 புல்லட் வாங்கியது. அதை ஒட்டித்தான் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பட்டாளத்தில் புல்லட் ஓட்டிப் பழகிய கை, ஊர் திரும்பியும் வேறு வண்டியைத் தொடவில்லை. திருத்தணியில் 365 படி ஏற முடியாத தாயாரை ஆடிக்கிருத்திகைக்கு மலைமேல் கூட்டிப் போவதற்காகவே இடப்பக்கம் சைடு கார் பூட்டினார். மடியில் பூக்கூடையோடு அந்த அம்மா உட்கார்ந்து போவதை ஊரே நின்று பார்க்கும். தாயார் காலமான பிறகு அந்த இடத்தில் ஒரு மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். சைடு கார் காலியாக இருந்தால் இடப்பக்கம் திரும்பும்போது அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், எடை வேண்டும்.

2021 நவம்பரில் கொசஸ்தலை ஆறு பெருகியபோது அவர் வீட்டுக் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கு முன்பே அவருக்கு மறதி நோய் ஆரம்பித்திருந்தது. வண்டியைக் கழுவி எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, மற்றவர்களுக்கு நேரமில்லை. சேற்றில் நின்றதை மகன் இப்போதுதான் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

முதலில் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். ஹேண்டிலை நடுவுக்குக் கொண்டுவந்தால் டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து கிளப்ப மணிக்கட்டு வலித்தது. ஃபோர்க்கை இறக்கி, கோன் செட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கீழ்க் கப்பில் குண்டுகள் நின்ற இடமெல்லாம் வரிசையாகக் குழி. தனி மோட்டார் சைக்கிளைச் சாய்த்துத் திருப்பலாம். சைடு கார் பூட்டினால் சாய்க்க முடியாது, ஹேண்டிலை முழுப் பலத்தோடு திருப்பித்தான் ஆக வேண்டும். முன் சக்கரம் பக்கவாட்டில் வாங்குகிற இழுப்பெல்லாம் அந்தக் கப்பில் போய் இறங்கும். நேராக ஓடுகிற நேரமே அதிகம் என்பதால் அடி விழுவதும் ஒரே இடத்தில்தான். அதற்கு மேல் வெள்ளத் துரு.

புதுக் கப்பு, புதுக் குண்டு, நிறைய கிரீஸ். மாட்டுவது எளிது, நட்டை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வேலை. இறுக்கினால் ஹேண்டில் முரண்டு பிடிக்கும். தளர்ந்தால் பிரேக் போடும்போது ஃபோர்க் முன்னும் பின்னும் அடிக்கும். ஃபோர்க்கைப் பிடித்து உலுக்கினால் ஆட்டம் தெரியக் கூடாது, அதே சமயம் ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினால் தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதை எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்றுக்கொள்ள முடியாது, விரலுக்குத்தான் தெரியும்.

பின் சக்கரத்துக்கு ஓட்டம் போகிற பாதை அதைவிட மோசம். பிரைமரி செயின் விறைத்து நின்றது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பின் செயின் நீண்டு, ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கியாக வளைந்திருந்தன. அந்தக் காலத்துப் புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே துண்டு. பல் போனால் டிரம்மே போச்சு. செயினை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்றான் மகன். ஒப்புக்கொள்ளவில்லை. பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றாக ஓடி ஒன்றாகத் தேய்ந்தவை. புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

இத்தனையும் மாற்றிய பிறகு இது அதே வண்டியா? போக்குவரத்து அலுவலகத்துக்கு இதில் குழப்பமில்லை. புல்லட்டின் சேஸிஸ் எண் ஃபோர்க் சுழல்கிற கழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. கழுத்து இருக்கும்வரை அதே வண்டி. ஆகமத்துக்கும் குழப்பமில்லை. கருவறையில் திருப்பணி என்றால் கலாகர்ஷணம் செய்து இறையாற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயத்தில் வைத்துப் பூசை செய்வார்கள்; வேலை முடிந்ததும் குடமுழுக்கு. கல்லும் சாந்தும் மாறும், சாமி அதே சாமி. எங்கள் ஊரே 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததுதான், ம.பொ.சி. முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. என் தாத்தாவின் பத்திரம் தெலுங்கில் இருக்கிறது, என்னுடையது தமிழில். நிலம் ஒன்றுதான்.

ஆக, வண்டியைப் பொறுத்தவரை நாகசேனரோடு எனக்குச் சண்டை கிடையாது. அவர் சொல்வதுபோல அது வழக்குப் பெயராகவே இருக்கட்டும். ஆளைப் பொறுத்தவரை விடமாட்டேன். ஏனென்றால் மகன் ஒருநாள் பட்டறை வாசலில் நின்று சொன்னான்: “வண்டியை நீங்க சரி பண்ணிடுவீங்க ண்ணா. அப்பாவை யாரு பண்றது? அவரு இப்ப அப்பாவே இல்ல. உடம்பு மட்டும் இருக்குது.” வெறுப்பில் சொல்லவில்லை. ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறவன், களைத்துப் போய்ச் சொன்னான். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்து சிவஞானபோதம் பாடம் கேட்டிருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டார், பன்னிரண்டு சூத்திரங்களில் மூன்றாவதை, உடம்புக்குள் உயிர் உண்டா என்ற இந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறார். உடம்பை அவர் இயந்திரம் என்றே சொல்கிறார், மாயையால் ஆன இயந்திரம். அதற்குள் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். முதல் காரணம் கழற்றுகிறவனைப் பற்றியது. கை நான் அல்ல, கண் நான் அல்ல, மூச்சு நான் அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒன்றுமில்லை என்கிறாயே, அப்படி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தது எதுவோ, அதுவே உயிர்.

தேர் உவமையில் விடுபட்டது இதுதான். தேரைப் பிரித்தபோது இல்லை என்று சொன்னது தேர் அல்ல, பக்கத்தில் நின்ற அரசன். புல்லட்டைப் பிரித்தால் இது கெட்டது, இது நல்லது என்று சொல்கிறவன் நான். புல்லட்டுக்கு அந்த வேலை இல்லை. மனிதனைப் பிரிக்கும்போதோ, பிரிபடுகிறவனும் பிரிக்கிறவனும் ஒருவனே. பௌத்தர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்: இல்லை என்று சொல்வதும் ஒரு கணத்து எண்ணம்தான், அடுத்த கணம் வேறொன்று, தொடர்ச்சி உண்டு, உடையவன் இல்லை. வலுவான பதில். அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளோடும் தனித்தனியாக வாதாட வேண்டியிருந்தது சும்மா இல்லை.

ஆனால் எனக்கு இடித்தது வேறு. சுபேதார் அய்யா இப்போது “இல்லை” என்றுகூடச் சொல்வதில்லை. மகனைப் பார்த்து யார் என்று கேட்பதும் நின்றுவிட்டது. இல்லை என்று சொல்கிறவனே உயிர் என்றால், அதைச் சொல்லத் தெரியாமல் போனவருக்கு என்ன பதில்?

பதில் அதே சூத்திரத்தின் கடைசிக் காரணத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். உணர்த்தினால் உணர்வது உயிர். தானாக அது எதையும் அறிவதில்லை. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் விளக்கில்லாமல் பார்க்க முடியாததுபோல, ஒன்று காட்டினால்தான் அறியும். கடோபநிடதமும் உடம்பைத் தேர் என்கிறது. புத்தி சாரதி, மனம் கடிவாளம், ஆன்மா உள்ளே அமர்ந்திருப்பவன். வேதாந்தத்தில் அந்த ஆன்மா தானே ஒளிர்வது. மெய்கண்டார் அப்படிச் சொல்லவில்லை. ஆணவம் என்ற மலத்தின் இருளில் ஒன்றும் தெரியாமல் கிடக்கும் நிலைக்குச் சைவ சித்தாந்தம் கேவலம் என்று பெயர் வைத்து, அங்கேயும் உயிர் உண்டு என்கிறது. நினைவு, பெயர், உறவு எல்லாம் கருவிகள் வந்து கூடிய பிறகு கிடைப்பவை. கருவி கழன்றால் அவை போகும், உயிர் போகாது. நல்ல நினைவோடு இருக்கிற நீங்களும் நானும்கூட நம்முடைய அறிவால் நிற்கவில்லை, காட்டுகிறவனாகிய இறைவன் காட்டுவதால் நிற்கிறோம். இந்த விஷயத்தில் அய்யாவுக்கும் நமக்கும் அளவில்தான் வித்தியாசம்.

கோன் செட் போட்டு முடித்த அன்று அவரைப் பட்டறைக்கு அழைத்து வந்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க வண்டி அய்யா” என்றேன். முகத்தில் ஒன்றுமில்லை. கையைப் பிடித்து ஹேண்டிலில் வைத்தேன். இடமும் வலமும் மெல்லத் திருப்பினார். காலி சைடு காரைப் பார்த்தார். “மூட்டை எங்கே?” என்றார்.

மகன் அழுதுவிட்டான். நான் அதைச் சாட்சியாகக் கொண்டுவரவில்லை. மறுநாள் அதே ஹேண்டிலைக் கொடுத்தபோது அவர் அதைக் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். மூட்டை ஞாபகம் வந்ததால் அவர் இருக்கிறார் என்று முந்தின நாள் நான் வாதாடியிருந்தால், மறுநாள் அவர் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எதுவும் வராத நாளிலும் அங்கே நாம் காட்டுவதற்கு ஒருவர் இருக்கிறார். இதைத்தான் மகனிடம் சொன்னேன். போகிற வழியில் நெடியம், பொதட்டூர்பேட்டை என்று ஊர்ப் பெயரைச் சொல்லு, சோறு போடும்போது சோறு என்று சொல்லு, நான் உன் மகன் என்று தினமும் சொல்லு, பதிலுக்காகச் சொல்லாதே. “யாருகிட்ட சொல்றதுண்ணா?” என்று அவன் கேட்கவில்லை. முன்பு கேட்டிருப்பான்.

வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. சைடு கார் சக்கரம் முன்பக்கம் நூலளவு உள்நோக்கி இருக்க வேண்டும், புல்லட் வலப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஓயாமல் இடப்பக்கம் இழுக்கும், ஓட்டுகிறவன் தோள் கழன்றுவிடும். காலி வண்டியில் வைத்த அளவு ஆள் ஏறினதும் மாறிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அய்யா சைடு காரிலும் மகன் சீட்டிலும் உட்கார, அந்த எடையோடு போல்ட்டுகளை இறுக்கி, நகரி சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் இழுத்தால் திரும்பவும் கழற்றுவோம்.