அத்திப்பள்ளியைத் தாண்டியும் செல்லும் பாடம்

கடவுள் நம்பிக்கை உள்ள அப்பா அம்மா, அரசாங்கம் என்றால் என்ன என்பதையும் அந்த நம்பிக்கையின் வழியாகவே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? வேதத்தைச் சொல்லிக்கொடுப்பதில் யாருக்கும் தகராறு இல்லை, அது வீட்டு விஷயம். அரசாங்கம் அப்படியில்லை. அது பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம்.

அமெரிக்காவில் இது பழைய கேள்வி. அங்கே 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்டத்தில் இடமுண்டு. வீட்டில் படிக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே, அமெரிக்க அரசாங்கத்தைக் கிறிஸ்தவப் பார்வையில் விளக்கும் பாடநூல்கள் வருகின்றன. நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. ஓசூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, 14 வயது மகளுக்கு அம்மாதான் டீச்சர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இப்படிப் படிக்கிற பிள்ளைகள் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வை எழுதுகிறார்கள். அந்த வீட்டு மேஜையில் இருப்பதோ அமெரிக்கப் பாடநூல். "ஓசூர்ல உட்கார்ந்துகிட்டு செனட்டைப் பத்தி எதுக்குங்க?" என்று கேட்டேன். "விசுவாசத்தோட சேர்த்துச் சொல்லிக்குடுக்குதுங்க, அதான்" என்றார் அந்த அம்மா.

மதத்தை வெளியே வை, அரசியலமைப்பை மட்டும் படி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் வரலாறு அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து கிடக்கவில்லை.

நம் அமைச்சர்கள் பதவியேற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் கடவுள் பெயரால் ஆணையிடுவார்கள். திராவிட இயக்கத்தில் வந்தவர்கள் பலர் 'உளமார' உறுதி கூறுவார்கள். நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டுக்கும் இடம் தருகிறது. அந்த 'உளமார'வுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் தெரியுமா? 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள். சத்தியமே பண்ணாதீர்கள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட கிறிஸ்தவர்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1690-களில் அவர்களுக்காகச் சட்டம் இறங்கி வந்தது, ஆணைக்குப் பதில் உறுதிமொழி போதும் என்றது. 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பும் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பதவிக்கு மதத் தகுதி கேட்கவே கூடாது என்றும் ஆறாம் பிரிவில் எழுதி வைத்தது. இங்கிலாந்தில் நாத்திகருக்கும் முழுமையாக அந்தக் கதவு திறக்க 1888 ஆனது. ஆனாலும் முதலில் தட்டியது, கடவுளுக்கு ரொம்பவே பயந்தவர்களின் கை.

ஆகவே விசுவாசத்தோடு அரசாங்கத்தைப் படிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. அரசாங்கம் கடவுள் இல்லை என்பதை அந்தப் பிள்ளை நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

கேரளத்தில் நடந்த ஒரு வழக்கு இதைக் காட்டுகிறது. 1985 ஜூலையில் கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். தேசிய கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது என்றது. அந்தத் தீர்ப்பு அலசிப் பார்த்தவற்றில் அமெரிக்க வழக்குகளும் உண்டு. 1940-ல் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த இதே சபைப் பிள்ளைகளுக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அந்தச் சபையினர்மீது கும்பல் தாக்குதல்கள் நடந்தன. மூன்றே வருடத்தில், 1943-ல், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திருப்பி எழுதியது. செனட்டைப் பற்றி ஓசூரில் எதற்கு என்று கேட்டேன் அல்லவா? அமெரிக்க அரசாங்கப் பாடம் கிடங்கூர் வரைக்கும் வந்து போயிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. யெகோவாவின் சாட்சிகளைக் கிறிஸ்தவர்களாகவே பல சபைகள் ஒப்புக்கொள்வதில்லை. மனசாட்சிக்காக எல்லாருக்கும் சேர்த்து வழக்காடியவர்கள், பெரிய சபைகள் தள்ளி வைத்த சின்னக் கூட்டம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய பாடநூல்கள் பலவற்றில் ஓர் அத்தியாயம் தவறாமல் வரும்: அமெரிக்கா கிறிஸ்தவர்கள் கட்டிய தேசம், அதன் சட்டமும் அந்த அஸ்திவாரத்தின்மேல்தான் நிற்க வேண்டும். ஓசூரில் உட்கார்ந்து ஒரு கிறிஸ்தவப் பிள்ளை இதை மனப்பாடம் செய்வதை யோசித்துப் பாருங்கள். 'முதலில் வந்தவர்கள், அதிகம் பேர், ஆகவே நாடு எங்களுடையது' என்ற அதே வாதத்தை இங்கே வேறொருவர் தன் மதத்தின் பெயரால் சொன்னால், அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் படித்த புத்தகமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

நம் அரசியல் நிர்ணய சபை இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று, முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்கலாம் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் இல்லை. நம்பிக்கையில் கட்டாயம் நுழையக் கூடாது என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

எல்லைக்காரர்களான நமக்கு இது புரியாமல் போக வாய்ப்பில்லை. ஓசூரில் தமிழர் பெரும்பான்மையின் மொழிக்காரர். பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டினால் சிறுபான்மை. 2016 செப்டம்பரில் காவிரிக்காகப் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது நாம் என்ன நியாயம் பேசினோம்? தமிழைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தங்கள் பிள்ளைகளுக்கு விலக்கு வேண்டும் என்று நம் பக்கத்துத் தெலுங்கு, கன்னட, உருது வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனபோது என்ன பேசினோம்? இரண்டு இடத்திலும் ஒரே நியாயம் பேசியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான். நான் பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் சொல்லும் வாதத்தை, சிறுபான்மையாக இருக்கும் ஊரிலும் அப்படியே சொல்ல முடிய வேண்டும். குவேக்கர்களின் வாதமும் கிடங்கூர்ப் பிள்ளைகளின் வாதமும் அதில் தேறும். 'இது எங்கள் தேசம்' என்பது தேறாது, யார் சொன்னாலும்.

பெற்றோருக்கும் ஒரு எல்லை உண்டு. 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆமிஷ் பெற்றோர் எட்டாம் வகுப்போடு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு சங்கடமான கேள்வி கேட்டார்: அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா? ஓசூர்ப் பெண்ணுக்கு இன்னும் நான்கு வருடத்தில் ஓட்டு வந்துவிடும். ஓட்டுச் சாவடிக்குள் அம்மா கூட வர முடியாது.

அதற்குள் அந்த அம்மா ஒரு பயிற்சி கொடுக்கலாம். கிடங்கூர் வழக்கை மகளிடம் கொடுத்து, அந்தப் பிள்ளைகளுக்காக வாதாடச் சொல்லட்டும். அது அவளுக்குச் சுலபம். பிறகு தன் வகுப்பில் ஜெபம் சொல்ல மறுக்கும் ஒரு நாத்திகப் பையனுக்காகவும் அதே வேகத்தோடு வாதாடச் சொல்லட்டும். அவளால் அது முடிந்தால், மேஜையில் எந்த நாட்டுப் புத்தகம் இருக்கிறது என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.