கீறலும் விலையும்

பயன்படுத்திய பொருளை விற்பதும் வாங்குவதும் மனச்சான்றைச் சோதிக்கும் செயல்கள். புதுப் பொருளுக்கு அச்சிட்ட விலை உண்டு. செய்தவரின் உத்தரவாதம் உண்டு. பழைய பொருளுக்கோ விற்பவரின் வாய்ச்சொல்லும் வாங்குபவரின் கண்பார்வையுமே சாட்சி. கொடுக்கல் வாங்கலில் பாவம் எளிதில் இடம்பிடித்துக்கொள்ளும் என்று சீராக்கின் ஞானநூல் எச்சரிப்பது இதனால்தான்.

இதைச் சிந்திக்க ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்கும் புகைப்படக் கருவியின் லென்ஸே அது. திருமணம், திருமுழுக்கு, புதுநன்மை ஆகிய விழாக்களில் படம் எடுத்துப் பிழைக்க முனையும் இளைஞருக்குப் புதிய லென்ஸின் விலை எட்டாதது. அவர் பழையதைத் தேடுகிறார். நிக்கான் நிறுவனம் 1959ஆம் ஆண்டு வகுத்த பொருத்துமுறையில் செய்யப்பட்ட பழைய லென்ஸுகளைக்கூட, ஓர் இணைப்பு வளையத்தின் துணையால் இன்றைய மிரர்லெஸ் கருவிகளில் பொருத்திப் பயன்படுத்தலாம். எனவே அலமாரிகளில் உறங்கிய லென்ஸுகளுக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது.

அவற்றின் குறைகள் மூவகை. முதலாவது, வெளி உடலின் தேய்மானம். கறுப்பு வண்ணம் உதிர்ந்து உள்ளிருக்கும் உலோகம் தெரியும்; எண்கள் அழிந்திருக்கும்; ரப்பர் வளையம் வெளுத்திருக்கும். அடிபட்டு நெளிந்திருந்தாலன்றி, இவற்றால் படத்திற்குத் தீங்கில்லை.

இரண்டாவது, கண்ணாடியின் மேல் விழுந்த கீறல். பார்த்தவுடன் மனம் திடுக்கிடும். ஆயினும் முன்கண்ணாடியில் உள்ள மெல்லிய கீறல் படத்தில் கோடாக விழுவதில்லை. எதிரே இருக்கும் முகத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, கண்ணாடியின் அகன்ற பரப்பெங்கும் புகுந்து ஓரிடத்தில் ஒன்றுசேர்கிறது. அதில் கீறல் தடுப்பது மிகச் சிறு பங்கே. வெயிலோ விளக்கோ நேர் எதிரே இருக்கையில் மட்டும் அது ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெளிறச் செய்யக்கூடும். பின்கண்ணாடியின் கீறல், படம் விழும் தளத்திற்கு அருகில் இருப்பதால், அதைவிடக் கேடு செய்யும்.

மூன்றாவது, உள்ளே மறைந்திருக்கும் குறை. ஈரக்காற்றில் கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சை சிலந்தி வலைபோல் படர்கிறது. அது சுரக்கும் அமிலம் நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரித்துவிடும். சில லென்ஸுகளில் மசகின் ஆவி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். வெளியே புதுக்கருக்கு மாறாத லென்ஸிலும் இவை இருக்கலாம்; கைவிளக்கின் ஒளியை ஒரு புறமிருந்து பாய்ச்சி மறுபுறமிருந்து நோக்கினால்தான் தெரியும்.

சந்தை இக்குறைகளை எடைபோடும் முறை விந்தையானது. தீங்கற்ற தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதால் விலை சரிகிறது. தீங்கான பூஞ்சை தெரியாததால் விலை நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் இருவரின் நேர்மையும் சோதிக்கப்படுகிறது.

விற்பவரின் கடமை என்ன? பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை நேரடியாக எழுப்புகிறார். பொருளின் குறை வெளிப்படையாக இருந்து, அதற்கேற்ப விலையையும் குறைத்திருந்தால், விற்பவர் அதைப் பறைசாற்ற வேண்டியதில்லை. ஒற்றைக்கண் குதிரை அவர் தரும் எடுத்துக்காட்டு. ஆனால் குறை மறைவாக இருந்து, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமாயின், அதைச் சொல்லியே ஆகவேண்டும். இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடு என விற்பவன் அநீதி செய்கிறான்.

இந்தப் பகுப்பு தெளிவானதே. ஆனால் ‘வெளிப்படை’ என்பது யாருடைய கண்ணுக்கு? “பொருள் உங்கள் கையில் இருக்கிறது, நன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது எனப் பலர் கருதுகின்றனர். அனுபவமுள்ளவர் விளக்கடித்துப் பார்ப்பார். முதன்முதலாக லென்ஸ் வாங்க வந்த இளைஞருக்கு அப்படிப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாது. ஒருவருக்கு வெளிப்படையானது மற்றவருக்கு மறைபொருள். ஆகவே குறை வெளிப்படையா அன்றா என்பதை நம் முன் நிற்கும் மனிதரின் அறிவைக் கொண்டே அளக்க வேண்டும். அவர் நம்பி வாங்கிய லென்ஸில் ஒரு திருமணத்தின் படங்கள் எல்லாம் மங்கிப்போனால், அந்தத் திருமணத்தை மீண்டும் நடத்த இயலாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தொழிலில் அப்போதுதான் அடியெடுத்து வைத்தவரின் நற்பெயரும் அதோடு போகும்.

விற்பவரின் கடமையைப் பேசிய அளவு வாங்குபவரின் கடமையை நாம் பேசுவதில்லை. வாங்கும்போது பொருளைப் பழித்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் தன் திறமையை மெச்சிக்கொள்ளும் மனிதனை நீதிமொழிகள் நூல் அன்றே கண்டுகொண்டது. ஓர் எடுத்துக்காட்டு. டிஜிட்டல் கருவிகள் பரவியபின் மூடப்பட்ட ஸ்டுடியோ ஒன்றின் உரிமையாளர் இறந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். அவர் மனைவி, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக, கணவரின் லென்ஸுகளை விற்க முன்வருகிறார். வந்தவர் லென்ஸை உருட்டிப் பார்க்கிறார். கண்ணாடி மாசற்றது என்பதை அறிந்துகொள்கிறார். ஆனால் வண்ணம் உதிர்ந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, “இதெல்லாம் யாரம்மா வாங்குவார்கள்?” என்கிறார். அவர் சொன்னது ஒரு கேள்விதான். ஆனால் அது பொய்யின் வேலையைச் செய்துவிட்டது.

பொன்னைச் செம்பு என எண்ணி ஒருவர் அறியாமல் விற்க, அதை அறிந்தே வாங்குபவர் அநீதியாய் வாங்குகிறார். ஈடுசெய்யவும் கடமைப்பட்டிருக்கிறார் என்பது புனித தோமாவின் முடிவு. மறைந்திருக்கும் குறையைச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவர் என்றால், விற்பவர் அறியாத பெருமதிப்பைத் தன் ஆதாயமாக்காதிருக்க வாங்குபவரும் கடமைப்பட்டவரே.

“அறிவு உழைத்துப் பெற்றதல்லவா? அதற்கு ஊதியம் வேண்டாமா?” என்று கேட்கலாம். வேண்டும். கடை வைத்திருப்பவர் லென்ஸைக் கழற்றித் துடைக்கிறார், வாடகை கொடுக்கிறார், பழுதானால் பொறுப்பேற்கிறார். அவற்றுக்குரிய ஆதாயம் நேர்மையானதே. வணிகரின் அளவான ஆதாயத்தைப் புனித தோமாவும் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் அறிவுக்குக் கூலி பெறுவது வேறு, பிறருடைய அறியாமையிலிருந்து பிடுங்குவது வேறு. தம்மிடம் விற்பனைக்கு வந்த கையெழுத்து நூலின் மதிப்பை விற்பவர் அறியவில்லை என்று கண்டு, கேட்டதைவிட மிகுதியாக, உரிய விலையையே கொடுத்த ஒருவரைத் தாம் அறிந்திருந்ததாகப் புனித அகுஸ்தினார் குறிப்பிடுகிறார். அத்தகையோர் அன்றும் அரியவர்களே, ஆனால் இருந்தார்கள்.

லென்ஸ் பழுதுபார்ப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. முன்கண்ணாடியில் சிறு துண்டு பெயர்ந்திருந்தால், அந்தப் பள்ளத்தைக் கறுப்பு மையால் நிரப்பிவிடுவார்கள். பள்ளத்தின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பது நின்றுவிடும், படம் தெளிவாகும். ஆனால் கரும்புள்ளி முன்னிலும் பளிச்செனக் கண்ணில் படும். விலையை மட்டும் எண்ணுபவர் இதைச் செய்யமாட்டார். லென்ஸின் பயனை எண்ணுபவர் தயங்காமல் செய்வார். குறையைச் சொல்லி விற்பதும் இத்தகையதே. கையில் வரும் பணம் சற்றுக் குறையும். வாங்கிச் செல்பவரின் வேலை கெடாமல் நடக்கும்.

நம் பங்குகளில் இளைஞர் பலர் இத்தொழிலில் இறங்குகின்றனர். அவர்களுக்கு விற்பவர்கள் மூன்று செய்திகளையேனும் கேளாமலே சொல்லட்டும்: உள்ளே பூஞ்சையோ படலமோ உண்டா, பின்கண்ணாடியில் கீறல் உண்டா, முன்பு கழற்றிப் பழுதுபார்த்ததா. வாங்குபவர்களும் தேய்ந்த வண்ணத்தைக் காட்டி விலையைச் சிதைக்காமல், கண்ணாடி நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அதற்குப் பிறகு பேரம் பேசுவதில் குற்றமில்லை.